முந்தானைக்குள் வைத்த கைகள்

அந்த அக்காவின் கைகளை நான் ஒழுங்காகப் பார்த்தது, அவரை வேலையை விட்டு நிறுத்தி நான்கு நாள் கழித்துத்தான். அதற்கு முன் இரண்டு மாதம் தினமும் எங்கள் வீட்டுக்கு வந்துபோனவர். காலையில் பக்கத்து ஊரான திருப்புட்குழியிலிருந்து பஸ் பிடித்து வருவார். செருப்பை வாசலில் ஜோடியாகத் திருப்பி வைப்பார். கை கால் கழுவுவார். பிறகு இரண்டு கைகளையும் புடவை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு, என் மாமியாரின் கட்டிலுக்கு எதிரே பிளாஸ்டிக் ஸ்டூலில் உட்கார்ந்துவிடுவார். சாயங்காலம் நாலரை மணி வரைக்கும் அந்தக் கைகள் வெளியே வருவது அபூர்வம். மாமியாரைப் பார்த்துக்கொள்ள ஆள் வைத்தோமா, வேடிக்கை பார்க்க ஆள் வைத்தோமா என்று என் கணவரிடம் நான் பொருமாத நாள் இல்லை.

பெயரைச் சொல்ல மாட்டேன். "என்னைப் பத்தி எழுத இன்னாமா இருக்குது" என்று கோபித்துக்கொள்கிற ஆள். எங்கள் தெருவில் எல்லாரும் அவரை சிஸ்டர் என்றார்கள். அவர் நர்ஸ் இல்லை. ஒரு ஆஸ்பத்திரி வார்டில் இருபது வருஷம் ஆயாவாக வேலை பார்த்தவர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் சின்னதாக ஒரு சிலுவை. யாராவது சிஸ்டர் என்று கூப்பிட்டால் அந்த இடத்திலேயே திருத்துவார்.

"சிஸ்டர்லாம் படிச்சவங்கபா. நான் பெட்பேன் எடுத்தவ."

என் மாமியார் படுக்கையில் விழுந்த கதையைச் சொல்லாமல் இவரைப் பற்றிச் சொல்ல முடியாது. அந்தக் கதையில் எனக்குத்தான் பெரிய பங்கு, அதனால் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்கிறேன்.

மாமா காலமானபோது மாமிக்கு அறுபத்தெட்டு வயது. எங்கள் வழக்கப்படி கணவனை இழந்தவர் நான்கு மாதம் பத்து நாள் இத்தா இருக்க வேண்டும். வெளியே போகாமல், நகை நட்டு அலங்காரம் இல்லாமல், துக்கத்துக்கென்று ஒதுக்கிவைத்த காலம் அது. வீட்டுக்குள் நடமாடக் கூடாது, அடுப்படிக்குப் போகக் கூடாது என்றெல்லாம் மார்க்கத்தில் எங்கேயும் கிடையாது. மரியாதை என்று நினைத்து நாங்கள்தான் அதையும் சேர்த்துக்கொண்டோம். உள் அறையில் கட்டில் போட்டோம். சாப்பாடு கட்டிலுக்குப் போனது, தண்ணீர் கட்டிலுக்குப் போனது. தலை வாரிவிட நான், காலுக்கு எண்ணெய் தேய்க்க நான், பிடித்துக்கொண்டு பாத்ரூம் கூட்டிப்போக நான்.

அந்த நாள் கணக்கு முடிந்தது. சொந்தக்காரப் பெண்கள் வந்தார்கள். மாமியைக் குளிக்க வைத்துப் புதுப் புடவை கட்டிவிட்டோம், மாமாவுக்காகப் பாத்திஹா ஓதி எல்லாருக்கும் சாப்பாடு போட்டோம். வந்தவர்கள் போனதும் மாமி அதே கட்டிலில், அதே சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டார். ராத்திரி சாப்பாட்டை நான் கட்டிலுக்கே கொண்டுபோனேன். இத்தா முடிந்துவிட்டது என்று எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

அப்படியே எட்டு மாதம் போனது. ஆற்காட்டிலிருந்து வந்த பெரியம்மா மாமியின் தலையைத் தடவி, "இன்னா சபுர் பாரு இவளுக்கு. ஒரு சத்தம் இல்ல, ஒரு குறை சொல்றதில்ல" என்றார். சபுர் என்றால் பொறுமை. போகும்போது என் கன்னத்தைத் தொட்டு, மருமகள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று நாலு பேர் காதில் விழும்படி சொல்லிவிட்டுப் போனார். எனக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று. இப்போது நினைத்தால் என் தலையில் நானே குட்டிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

மாமி யார் தெரியுமா? பட்டுச் சேலை முந்தானைக்குக் குஞ்சம் கட்டுவதில் எங்கள் தெருவிலேயே அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. கடைக்காரர்கள் சேலையைக் கொடுத்துவிட்டுக் காத்திருப்பார்கள். அப்படிப்பட்ட விரல்கள் ஒரு டம்ளரைப் பிடிக்க முடியாமல் நடுங்க ஆரம்பித்திருந்தன. அரைத் தட்டு சாப்பாடு கால் தட்டாகக் குறைந்தது. ஒரு நாள் காலையில் என் கணவர் அறைக்குள் போய்விட்டு முகம் வெளுத்துத் திரும்பி வந்தார். அம்மா விடியற்காலைத் தொழுகையான சுபுஹு தொழவில்லை, ஒரு வாரமாகவே தொழவில்லை என்றார். ஏன் என்று கேட்டதற்கு, "நான் இருந்து யாருக்கு இன்னா ஆவப்போவுது" என்றாராம்.

அந்த வாரம்தான் சம்பளமில்லாமல் நான் போட்டிருந்த நீண்ட லீவும் தீர்ந்தது. ஏனாத்தூரில் ஒரு கல்லூரி அலுவலகத்தில் எனக்கு வேலை. மருந்துக் கடைக்காரர் சொல்லி அக்கா வந்து சேர்ந்தார்.

முதல் நாள், நான் மாமிக்கு இட்லி ஊட்டிக்கொண்டிருந்ததை வாசற்படியில் நின்று பார்த்தார்.

"பாயம்மாவுக்குக் கையில வாதமா?"

"இல்லியே."

"அடிகிடி பட்டுச்சா?"

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல."

"அப்புறம் இன்னாத்துக்குமா ஊட்டுற?"

எனக்குச் சுருக்கென்றது. எட்டு மாதமாக ஊர் மெச்சின காரியத்தை வந்து ஐந்து நிமிஷம் ஆகாத ஒருத்தர் கேள்வி கேட்கிறாரே என்று ஆத்திரம். மாமா போன துக்கத்தில் இருக்கிறார் என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அக்கா என்னைச் சமையலறைக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"வார்டுல நெறைய பாத்திருக்கேன்மா. துக்கம்னா அழும், சண்டை போடும், நடுவுல பசிக்கும். இது துக்கம் இல்ல. இது சும்மா படுத்துக்கினு இருக்குது. பெரியாஸ்பத்திரில மனசுக்குன்னு டாக்டரு இருக்கறாங்க. கூட்டிக்கினு போவலாம்."

"எங்க மாமிக்கு என்ன பைத்தியமா?"

"பைத்தியம்னு யாரு சொன்னா? சக்கரைன்னா மாத்திரை போடுறோம்ல. அத்த மாதிரிதான் இதுவும்."

கூட்டிப்போனோம். அந்த டாக்டரம்மா மாமியிடம் அரை மணி நேரம் பேசினார். இது மனச்சோர்வு நோய், வயசானவர்களுக்கு வருவதுதான், சரி செய்யலாம் என்றார். மாத்திரை எழுதிக் கொடுத்தார். மாத்திரை வேலை செய்யச் சில வாரம் பிடிக்கும், அதுவரைக்கும் அவரால் முடிந்ததை அவரே செய்யட்டும் என்றார். வெளியே வந்ததும் அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் ஆட்டோ தேடுவதுபோல் திரும்பிக்கொண்டேன்.

அதன் பிறகுதான் ஸ்டூல் விவகாரம். கட்டிலை நோக்கி ஒரு கையை நீட்டிப் பார்த்துவிட்டு, விரல் நுனி படாத இடம் வரைக்கும் ஸ்டூலைப் பின்னால் நகர்த்திப் போட்டுக்கொள்வார். தினமும் இந்த அளவெடுப்பு நடக்கும். ஏன் இப்படி என்று ஒரு நாள் கேட்டேன்.

"எட்டுச்சுன்னா நானே செஞ்சுடுவேன்மா. என் கைய நம்ப முடியாது."

எங்கள் வீட்டுத் தரையில் பழைய சிவப்புக் கல் பாவியிருக்கும். மாமியின் தண்ணீர்ச் சொம்பு அந்தக் கல் கணக்கில் பயணம் போனது. முதல் நாள் கட்டிலை ஒட்டிய கல்லில் இருந்தது. அடுத்த நாள் அதற்கடுத்த கல்லில். மாமி எட்டிப் பார்ப்பார், இவரைப் பார்ப்பார். இவர் ஜன்னல் வழியாகத் தெருவைப் பார்ப்பார். தாகம் ஜெயிக்கிற வரைக்கும் இரண்டு பேரும் அப்படியே இருப்பார்கள். ஆனால் அது கண்மூடித்தனமான பிடிவாதமும் இல்லை. சில காலைகளில் மாமியின் முகத்தைப் பார்த்ததுமே, "இன்னைக்கு மனசு ரொம்ப இருட்டா இருக்குது. வா, ரெண்டு கல்லு கிட்ட வா" என்று சொம்பிடமே பேசி நகர்த்தி வைப்பார்.

மாமி தலை வாரத் தொடங்கிய நாளில் அந்த ஜடை முடிய முக்கால் மணி நேரம் ஆனது. சிக்கு விழுந்த இடத்தில் சீப்பு நின்றுவிட்டது. நான் அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருந்தேன். பார்க்கச் சகிக்காமல் சீப்பை வாங்கப் போனேன். "இருக்கட்டும்" என்றார் அக்கா. இந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லும் விதத்தில் எப்பேர்ப்பட்டவருக்கும் கை இறங்கிவிடும். "அவசரம் இன்னா, பஸ்ஸா புடிக்கணும்?" உண்மையில் பஸ் பிடிக்க வேண்டியவர் அவர்தான். அன்றைக்கு அவருடைய வழக்கமான பஸ் போய்விட்டது. அவர் ஊர் பக்கம் போகும் அடுத்த பஸ்ஸுக்கு ஒரு மணி நேரம் ஸ்டாண்டில் நின்றிருக்கிறார்.

ஐந்தாவது வாரமோ ஆறாவது வாரமோ, ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வீட்டில் இருந்தேன். மாமி ரொம்ப நேரம் அக்காவையே பார்த்துக்கொண்டிருந்தார். திடீரென்று, "முந்தானை பிரியுது" என்றார்.

மாதக்கணக்கில் அவராக ஆரம்பித்த முதல் பேச்சு அது. குனிந்து பார்த்தேன். நாள் முழுக்கக் கைகளை உள்ளே வைத்துச் சுருட்டிச் சுருட்டி, அந்த நூல் புடவையின் முந்தானை ஓரம் நைந்து இழை இழையாகத் தொங்கியது.

"பழசு பாயம்மா. கிடக்குது."

"பழசோ புதுசோ, இப்புடியா விடுவாங்க? இங்க குடு."

அக்கா எழுந்து போய் முந்தானையைக் கட்டில் ஓரத்தில் விரித்தார். மாமி நான்கு நான்கு இழையாகச் சேர்த்து முடிச்சுப் போட ஆரம்பித்தார். முதல் முடிச்சு கழன்றுபோனது, இரண்டாவதும் கழன்றது. மூன்றாவது நின்றது. பதினோரு முடிச்சு போட்டுவிட்டுக் களைத்துப் படுத்தார். அக்கா மிச்ச முந்தானை நைந்தபடியே எழுந்துபோய் ஸ்டூலில் உட்கார்ந்தார். நான் அடுப்படிக்குப் போய் அழுதேன். அழுததைச் சொல்வதில் எனக்கு வெட்கம் இல்லை.

இவ்வளவு பார்த்த பிறகும் நான்தான் அவரை வேலையை விட்டு நிறுத்தினேன். அதுதான் என் குணம்.

ஒரு வியாழக்கிழமை வீட்டுக்குள் நுழைகிறேன், மாமியின் நெற்றியில் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீக்கம். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியை மாமியே பிடித்து வைத்துக்கொண்டிருக்கிறார். பாத்ரூம் வாசலில் வழுக்கி விழுந்திருக்கிறார். எதிரே ஸ்டூலில் அக்கா, கைகள் முந்தானைக்குள். அதைப் பார்த்ததும் எனக்கு ரத்தம் கொதித்தது. வயசான மனுஷி மண்டை உடைந்து கிடக்கிறார், ஐஸ் வைக்கக்கூட உனக்குக் கை வரவில்லையா, கையைக் கட்டிக்கொண்டு உட்காரவா உன்னை வரச் சொன்னது என்று வாய்க்கு வந்தபடி பேசினேன். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றேன்.

"சரிம்மா" என்றார். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலில் ஒரு நிமிஷம் நின்றார். "சொம்பு நாளைக்கு ஜன்னல் கிட்ட வெக்கணும்" என்றார். போய்விட்டார்.

டாக்டரிடம் காட்டினோம், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். நான் திரும்ப லீவு போட்டேன். சொம்பு கட்டிலுக்கு வந்தது. இட்லியைப் பிட்டு வாயருகே கொண்டுபோனேன். இரண்டு நாள் மாமி பேசாமல் வாங்கிக்கொண்டார். மூன்றாம் நாள் வாயை இறுக்கி மூடிக்கொண்டார். நான்காம் நாள் என் கையைப் பிடித்துத் தட்டில் வைத்தார்.

"விழுந்தது நானு. அவள ஏன் அனுப்புன?"

"பாத்துக்கத்தான மாமி அவங்கள வெச்சோம்? பாத்துக்கலியே."

"நான்தான் துணைக்கு வராதன்னு சொன்னேன். விழுந்த சத்தம் கேட்டு ஓடியாந்து தூக்குனா. அப்புறம் ஐஸ நான்தான் வாங்கிப் புடிச்சிக்கினேன்." தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "எட்டு மாசமா நான் விழவே இல்ல. ஏன் சொல்லு? எழுந்திருக்கவே இல்ல."

எட்டு மாதம் ஓடி ஓடிச் செய்ததெல்லாம் என் கண் முன்னால் வந்து நின்றது. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு திருப்புட்குழிக்குப் போனேன்.

கோயிலைத் தாண்டி, விசாரித்து விசாரித்துப் போனதில் ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் கூரை போட்ட ஒரு சின்ன வீடு. கதவு திறந்திருந்தது. உள்ளே கயிற்றுக் கட்டிலில் அவருடைய கணவர். ஒரு பக்கம் முழுக்க இழுத்துப்போய், வாய் கோணி, பேச்சு இல்லாமல் கிடந்தார். அக்கா வேலைக்கு வரும் பகல் நேரத்தில் மகள் பார்த்துக்கொள்வாளாம். அக்கா அவர் தலையை மடியில் தாங்கிக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தார். ஒரு கை ஸ்பூனைப் பிடித்திருந்தது, ஒரு கை ஒவ்வொரு வாய்க்கும் தாடையைத் துடைத்தது. பிறகு முகம் துடைத்தார், தலை வாரினார், சட்டைப் பித்தானைப் போட்டார், கால் விரல்களை ஒவ்வொன்றாக நீவிவிட்டார். அந்தக் கைகள் ஒரு நொடி சும்மா இருக்கவில்லை. பெரிய கைகள், புறங்கையில் நரம்பு புடைத்து, நகங்கள் ஒட்ட வெட்டி. இப்படிப் பழகிய கைகளை எங்கள் வீட்டில் இரண்டு மாதம் கட்டிப்போட்டு வைக்க அவர் என்ன பாடுபட்டிருப்பார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். அவர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"இவரால முடியாதும்மா. முடிஞ்சதெல்லாம் போயிடுச்சு. அதனால செய்யறேன். பாயம்மாவால முடியும்." கஞ்சிக் கிண்ணத்தைக் கழுவிக் கவிழ்த்தார். "சொம்பு எங்க இருக்குது இப்ப?"

"கட்டில் கிட்ட."

"நெனச்சேன்" என்றார். மறுநாள் வந்துவிட்டார்.

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று சரியாகிவிட்டது என்று சொன்னால் பொய். மாமிக்கு எழவே பிடிக்காத நாட்கள் வந்தன, இப்போதும் எப்போதாவது வருகின்றன. மாத்திரையின் அளவை டாக்டரம்மா இரண்டு தடவை மாற்றினார். ஆனால் சொம்பு ஜன்னலைத் தாண்டி, அறையைத் தாண்டி, கடைசியில் சமையலறைக் குழாயடிக்கே போய்ச் சேர்ந்தது. மாமி தானாகக் குளித்தார், தானாகத் தொழுதார், தெருமுனைக் கடையில் போய்த் தேங்காய் தட்டிப் பார்த்து வாங்கினார். குஞ்சம் கட்ட முன்போல் எல்லாச் சேலையும் எடுப்பதில்லை. மனசுக்குப் பிடித்த நிறமாக இருந்தால் மட்டும் எடுக்கிறார்.

ஐந்தாவது மாதம் ஒரு நாள், மாமி போட்ட டீயைக் குடித்துவிட்டு, "இனிமே நான் எதுக்கு இங்க?" என்று எழுந்துவிட்டார் அக்கா. செவிலிமேட்டில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் சட்டை மாட்டக்கூட ஆள் கூப்பிடுகிறாராம், அங்கே போகிறேன் என்றார். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மாமி வாசல் வரைக்கும் போய், அவர் முந்தானையை இழுத்துப் பிடித்து, விட்டுப்போன மிச்ச ஓரத்தையும் நின்றபடியே முடிந்து அனுப்பினார்.

போன வருஷம் அவருடைய கணவர் போய்ச் சேர்ந்தார். போய்த் துக்கம் கேட்டுவிட்டு வந்தோம். இரண்டு மாதம் கழித்து அவர் மகளிடமிருந்து போன் வந்தது. அம்மா எழுந்திருப்பதே இல்லை, அப்பாவின் கட்டிலிலேயே படுத்திருக்கிறது, நாங்கள்தான் ஊட்டிவிடுகிறோம் என்று அந்தப் பெண் அழுதாள். நான் போனை வைத்துவிட்டு மாமியிடம் சொன்னேன். சொல்லி முடிப்பதற்குள் மாமி புர்காவை எடுத்துக்கொண்டிருந்தார். ஸ்கூட்டர் வேண்டாம், பஸ்ஸில் போகலாம் என்றார்.

அதே கயிற்றுக் கட்டில். அக்கா சுவரைப் பார்த்துப் படுத்திருந்தார். அப்படிச் சுவரைப் பார்த்துப் படுப்பது என்னவென்று நாங்கள் இருவருமே அறிவோம். கைகள் போர்வைக்கு வெளியே, எந்த வேலையும் இல்லாமல் கிடந்தன. மகள் டீ போட்டுக்கொண்டு வந்து, ஸ்பூனால் ஆற்றிக்கொண்டே கட்டிலருகே போனாள்.

"இங்க குடும்மா" என்று மாமி அந்த டம்ளரை வாங்கினார். எதிர்ச் சுவரோரம் இருந்த மரப்பெட்டி மேல் வைத்தார். மூலையில் கிடந்த ஸ்டூலை இழுத்துப் போட்டுக் கட்டிலை நோக்கிக் கையை நீட்டிப் பார்த்தார். ஒரு சாண் பின்னால் தள்ளிக்கொண்டார். உட்கார்ந்தார். இரண்டு கைகளையும் புர்காவுக்குள் வைத்துக்கொண்டார்.

"நாளைக்குக் காலையில வரேன். டாக்டரம்மா கிட்ட நான் கூட்டிக்கினு போறேன்" என்றார் கட்டிலைப் பார்த்து. "இப்ப டீ இருக்குது."

கட்டிலில் அசைவில்லை. மகளுக்குப் பொறுக்கவில்லை. "பாட்டிமா, அதால எழுந்திருக்க முடியாது, நான் குடுத்துடறேன்" என்று எழுந்தாள். அவள் முகத்தில் அன்றைய என் கோபம் அப்படியே இருந்தது.

"இருக்கட்டும்" என்றார் மாமி.

அந்தப் பெண் நின்ற இடத்திலேயே நின்றாள். எவ்வளவு நேரம் ஆனது என்று தெரியவில்லை. டீயில் ஆடை கட்டியது. கட்டிலிலிருந்து, முகத்தைத் திருப்பாமலே, அக்காவின் குரல் வந்தது. தூசி படிந்த மாதிரி ஒரு குரல்.

"பாயம்மா. உங்க பஸ்ஸு போயிடும்."

"போவட்டும். அடுத்த பஸ் இருக்குது."

பிறகு அந்தப் பெரிய கைகளில் ஒன்று மெதுவாக நகர்ந்தது. கட்டில் சட்டத்தைத் தேடிப் பிடித்தது. தோள் எழும்பியது, தள்ளாடியது, பாதியில் நின்றது. நான் என் இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்து, ஒன்றை ஒன்று இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.